முனையத்தில் ஒரு துணுக்கு: பெங்களூரு கணினித் தொழிலில் தற்செயல் நகைச்சுவையின் வரலாறு

கணினியின் முனையத்தில், அதாவது எழுத்துகளை மட்டுமே ஏற்று எழுத்துகளையே விடையாகக் காட்டும் திரையில், ஒரு சொல்லைத் தட்டியதும் முன்பே திரட்டி வைத்த வேடிக்கை வாசகங்களுள் ஏதேனும் ஒன்று வந்து நிற்குமாறு நிரல் எழுதி வைப்பது, நிரலாளர் தொழிலின் பழைய வழக்கங்களுள் ஒன்று. இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. பத்து வரிகளுக்குள் அடங்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போதும். ஷெல் என்பது பயனர் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி, அதை இயங்குதளம் நிறைவேற்றும்படி ஒப்படைக்கும் இடைநிலை நிரல். ஒவ்வொரு முறையும் கையால் இடவேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து, அந்தக் கோப்பையே ஒரு கட்டளைபோல இயக்கினால் அது ஷெல் ஸ்கிரிப்ட் ஆகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தோடு பரவிய இந்த வேடிக்கை வழக்கம், அந்த இயங்குதளத்தோடு சேர்ந்தே பெங்களூருவுக்கும் வந்தது. விளையாட்டு என்று ஒதுக்கப்பட்டதால் தொழில்நுட்ப வரலாற்று நூல்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆயினும் அயலிலிருந்து வந்த ஓர் இயந்திரத்தைத் தொழிலாளர் எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதையும், தற்செயலின் வேலை போலத் தோன்றுவது உண்மையில் தொகுப்பாளரின் வேலையே என்பதையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று அத்தொழிலில் வேறு குறைவு.

திரட்டி வைத்த வாசகங்களிலிருந்து ஒன்றைத் தற்செயலாக எடுப்பது கணினிக்கு மிக முந்தைய பழக்கம். தமிழ்ச் சைவ மரபில், ஏட்டுக் கட்டின் நடுவே கயிற்றைச் சார்த்தி, அக்கயிறு விழுந்த இடத்திலுள்ள பதிகத்தைத் தமக்கான விடையாகக் கொள்ளும் வழக்கம் இருந்தது. மெய்கண்டாரின் பெற்றோர் பிள்ளை வரம் வேண்டித் திருமுறையில் கயிறு சார்த்தியபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது என்ற வரலாறு இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. பஞ்சாங்கங்களில் அச்சிடப்படும் இராமர் சக்கரமும் சீதா சக்கரமும் அதே முறையை எண்கள் நிறைந்த கட்டங்களாக மாற்றி, கண்ணை மூடி விரல் வைத்த எண்ணுக்கு உரிய பலனைப் படிக்கச் செய்கின்றன. பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பை விரித்துக் குறி பார்ப்பது முகலாயர் அரண்மனை வரை பரவியிருந்தது. பாட்னாவிலுள்ள குதா பக்ஷ் நூலகத்தில் இருக்கும் ஹாஃபிஸ் சுவடியொன்றின் ஓரங்களில், அவ்வாறு குறி பார்த்த தருணங்களைப் பற்றி ஹுமாயூனும் ஜஹாங்கீரும் தம் கையால் எழுதிய குறிப்புகள் இன்றும் உள்ளன. இவை யாவற்றிலும் தேர்வு தற்செயலுக்கு விடப்பட்டாலும், எடுக்கப்படும் நூல் மட்டும் முன்கூட்டியே மதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவே இருந்தது; கயிறு எந்த ஏட்டில் விழுந்தாலும் அது திருமுறை ஏடாகத்தான் இருக்கும்.

பெங்களூருவில் இவ்வகைச் சிறு வாசகங்களைப் படித்து மகிழும் பழக்கம் கணினிக் கூடங்கள் பெருகுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சில் வேரூன்றியிருந்தது. மருத்துவரும் எழுத்தாளருமான எம். சிவராம், ‘ராசி’ என்ற புனைபெயரில், 1942இல் இந்நகரில் தொடங்கிய ‘கொரவஞ்சி’ என்ற கன்னட நகைச்சுவை மாத இதழ் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் வெளிவந்தது. பின்னாளில் நாடறிந்த கேலிச்சித்திரக்காரரான ஆர். கே. லட்சுமண் இளைஞராக இருந்தபோதே அதற்குப் படம் வரைந்தார். குறி சொல்லும் பெண்ணின் பெயரைத் தாங்கிய அந்த இதழ், எதிர்காலத்தைச் சொல்வதற்குப் பதிலாக நிகழ்காலத்தின் கோணல்களைச் சொல்லிச் சிரிக்க வைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1943இல், முள்பாகலில் பிறந்து பெங்களூருவில் வாழ்ந்த டி. வி. குண்டப்பாவின் ‘மங்குதிம்மன கக்க’ வெளியானது. நான்கடி கொண்ட 945 செய்யுள்களால் ஆன அந்நூல், எந்தப் பக்கத்தைத் திறந்து எந்தச் செய்யுளைப் படித்தாலும் தனித்து நின்று பொருள் தரும் அமைப்புடையது. தமிழ் வார இதழ்களில் பக்கத்தின் கடைசியில் எஞ்சிய வெற்றிடத்தை நிரப்பிய துணுக்குகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. நகரின் தமிழ்க் குடும்பங்களுக்கு அவை வாரந்தோறும் வந்து சேர்ந்தன. இந்திய ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகளோடு நின்ற எடை இயந்திரங்கள், நாணயம் போட்டவரின் எடையை ஒரு பக்கத்திலும் அவருடைய குணத்தையோ பலனையோ சொல்லும் வாசகத்தை மறுபக்கத்திலும் கொண்ட சிறு அட்டையை நீட்டின. இயந்திரத்திடமிருந்து கேளாத வாசகமொன்றைப் பெற்றுச் சிரிக்கும் அனுபவம் பொதுமக்களுக்கு முதலில் கிடைத்தது நடைமேடையில்தான் என்று சொல்லலாம்.

கணினியில் இவ்வழக்கத்திற்கு நிலையான வடிவம் தந்தது ‘ஃபார்ச்சூன்’ என்ற நிரல். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு 1979இல் வெளியானபோது, விளையாட்டு நிரல்களுக்கென ஒதுக்கிய கோப்புறையில் அதுவும் இருந்தது. அமெரிக்கச் சீன உணவகங்களில் உணவு முடிந்ததும் தரப்படும், உள்ளே வாசகச் சீட்டு மடித்து வைத்த பிஸ்கட்டை நினைவூட்டும் பெயர் அதற்கு இடப்பட்டது. ஸ்டீபன் போர்ன் எழுதியதும் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதும் முறைக்கு இன்றுவரை அடித்தளமாக இருப்பதுமான போர்ன் ஷெல்லும் அதே ஏழாம் பதிப்பில்தான் வெளிவந்தது. ஆகவே, ஷெல்லை ஒரு மொழிபோலப் பயன்படுத்தும் வசதியும் தற்செயலாக ஒரு வாசகத்தை எடுத்துக் காட்டும் விளையாட்டும் பரவலாக ஒரே தொகுப்பில் கைக்கு வந்தவை.

ஏழாம் பதிப்பின் ஃபார்ச்சூன் நிரல் ஒரு பக்கம்கூட நீளாதது. ஆனால் அதன் உள்ளே இருந்த முறை நுட்பமானது. வாசகங்கள் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் இருக்க, மொத்தம் எத்தனை வரிகள் என்று எண்ணிப் பாராமலேயே, கோப்பை ஒரே ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்து, எல்லா வரிகளுக்கும் சம வாய்ப்புத் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது அது. முதல் வரியைப் படித்ததும் அதைக் கையில் வைத்துக்கொள்ளும். இரண்டாம் வரி வந்ததும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பில் பழையதை விட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளும். மூன்றாவதற்கு மூன்றில் ஒரு பங்கு, நூறாவதற்கு நூறில் ஒரு பங்கு என்று வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே சென்று, கோப்பு முடியும்போது கையில் எது இருக்கிறதோ அதைத் திரையில் காட்டும். கடைசி வரிக்கு வாய்ப்புக் குறைவு என்று தோன்றினாலும், முன்னே வந்த வரிகள் அடுத்தடுத்த சுற்றுகளில் விலக்கப்படும் ஆபத்தைக் கணக்கில் சேர்த்தால் எல்லாம் சமமாகிவிடுகிறது. நினைவகம் மிகச் சிறியதாக இருந்த காலத்தில், ஒரு நேரத்தில் இரண்டு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு முழுத் தொகுப்பிலிருந்தும் நேர்மையாகத் தேர்ந்தெடுத்த அந்தச் சிக்கனம், விளையாட்டு நிரலிலும் கைவினைத் திறன் குறையாமல் இருந்ததைக் காட்டுகிறது.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான யூனிக்ஸ் கிளையில், கென் ஆர்னால்டு இந்நிரலை விரிவாக எழுதினார். பல வரிகள் கொண்ட வாசகங்களையும் சேர்க்குமாறு, இரண்டு வாசகங்களுக்கு நடுவே விழுக்காட்டுக் குறி மட்டும் உள்ள ஒரு வரியைப் பிரிப்பானாக வைத்தார்கள். ஒவ்வொரு வாசகமும் கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பட்டியலைத் தனிக் கோப்பாக முன்பே தயாரித்து வைத்ததால், பெரிய தொகுப்பிலும் வேண்டிய வாசகத்திற்கு நேராகச் செல்ல முடிந்தது. சிலர் மனத்தைப் புண்படுத்தக்கூடிய வாசகங்கள் தனியே பிரிக்கப்பட்டு, வேண்டுமென்றே அவற்றைக் கேட்பவருக்கு மட்டும் காட்டப்பட்டன. கோப்பைத் தற்செயலாகத் திறப்பவர் கண்ணில் அவை படாதிருக்க, ஒவ்வோர் எழுத்தையும் ஆங்கில அகரவரிசையில் பதின்மூன்று இடம் தள்ளி எழுதும் எளிய மறைமுறையும் கையாளப்பட்டது. யூனிக்ஸ் கையேட்டின் ஆறாம் பிரிவு விளையாட்டுகளுக்கு உரியது. ஃபார்ச்சூனுக்கும் அங்கே முறையான ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டது.

இந்த மரபு வந்து சேர்ந்த பெங்களூரு, கணினிக்குப் புதிய நகரம் அன்று. 1909இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகமும், அதன் பின் தோன்றிய விமான, தொலைபேசி, மின்னணுப் பொதுத்துறை ஆலைகளும் பொறியாளர்களைப் பெருக்கி வைத்திருந்தன. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபின் உள்நாட்டு நிறுவனங்களுக்கு வழி திறந்தது. விப்ரோ 1980களின் தொடக்கத்தில் இந்நகரில் கணினி வடிவமைப்பில் இறங்கியது, இன்ஃபோசிஸ் 1983இல் புணேயிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் மில்லர்ஸ் சாலையில் தன் வடிவமைப்பு மையத்தை அமைத்து, அயல்நாட்டு அலுவலகங்களோடு செயற்கைக்கோள் வழியாக இணைந்தது. 1986இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய எர்நெட் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களுள் இந்திய அறிவியல் கழகமும் ஒன்று. சில்லு வடிவமைப்புக்கும் ஆய்வுக் கணக்கீட்டுக்கும் அக்காலத்தில் பெரிதும் பயன்பட்ட பணிநிலையங்கள் யூனிக்ஸில் இயங்கியவை. அவற்றை வாங்கியவர்கள் கணக்கீட்டு நிரல்களோடு கையேட்டையும் விளையாட்டுக் கோப்புறையையும் சேர்த்தே பெற்றார்கள்.

அந்தக் காலத்து முனையம் தானாக எதையும் விளக்காதது. கட்டளை வெற்றி பெற்றால் யூனிக்ஸ் பெரும்பாலும் எதுவும் சொல்லாது. தவறினால் ஒரு வரியில் பிழையைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். ஒரே கணினியைப் பலர் தத்தம் முனையங்களிலிருந்து பகிர்ந்துகொண்டு, தம் வேலை முடியும்வரை காத்திருந்த அறைகளில், உள்நுழைந்ததும் வரும் ஒரு வேடிக்கை வாசகம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது. பயனர் உள்நுழையும்போது ஷெல் முதலில் படிக்கும் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். அன்றாட வாசகம் வந்துவிடும். பலருக்கும் அந்தக் கோப்பைத் திருத்துவதே கணினியில் தம் விருப்பப்படி செய்த முதல் மாற்றமாக இருக்கும்; அலுவலகம் தந்த இயந்திரத்தில் அலுவலகம் கேளாத ஒன்றைத் தானே செய்துகொள்ள முடியும் என்ற அறிவு அதிலிருந்தே தொடங்குகிறது. இதே மனப்பாங்கில்தான், நிர்வாகி உரிமையோடு கட்டளை இட உதவும் ‘சூடோ’ என்ற நிரல், கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டியவரைக் கேலி செய்யும் வாசகங்களைத் தற்செயலாகக் காட்டும் விருப்பத் தேர்வைச் சேர்த்துக்கொண்டது. நியூசிலாந்தைச் சேர்ந்த சைமன் ட்ரவாலியாவின் கதைகளில் வரும் பொல்லாத கணினி நிர்வாகி, பயனர்களிடம் சொல்லும் சாக்குப்போக்குகள் தனித் தொகுப்பாகி உலகெங்கும் சுற்றின. டோனி மன்றோ 1999இல் எழுதிய ‘கவ்சே’ நிரல், எழுத்துகளால் வரைந்த ஒரு பசுவின் வாயிலிருந்து அந்த வாசகங்களைப் பேச வைத்தது.

நிறுவனச் சுவர்களுக்குள் இருந்த இவ்வழக்கம் மாணவர் கைக்கு வந்தது 1990களின் நடுவில். 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனம் பொதுமக்களுக்கான இணைய இணைப்பைத் தொடங்கியபோது, மாணவர்க்கென அளித்த மலிவான இணைப்பு படங்கள் ஏதுமற்ற ஷெல் கணக்காகவே இருந்தது. தொலைபேசி வழியாக இணைந்து, எழுத்துத் திரையிலேயே அஞ்சல் படித்து வந்த அந்தத் தலைமுறைக்கு முனையம் பழகிய இடமாயிற்று. 1996இல் பிசி குவெஸ்ட் இதழ், பெங்களூருவில் வாழ்ந்த தொழில்நுட்ப எழுத்தாளர் அதுல் சிட்னிஸின் முயற்சியால், யூனிக்ஸ் வழியில் உருவான லினக்ஸ் இயங்குதளத்தைக் குறுந்தகட்டில் வாசகர்க்கு இலவசமாக வழங்கியது. தொலைபேசி இணைப்பின் வேகத்தில் நாட்கணக்கில் இறக்கினாலும் முடியாத ஓர் இயங்குதளம், இதழின் விலைக்கு வீட்டுக் கணினியில் வந்து அமர்ந்தது. அந்த முதற்கட்டத்தில் வழங்கப்பட்ட ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் தொகுப்பு, விளையாட்டு நிரல்களோடு நிறுவப்பட்டிருந்தால், உள்நுழைந்தவருக்கு ஃபார்ச்சூன் வாசகம் ஒன்றைத் தானே காட்டிவிட்டுத்தான் கட்டளைக்குக் காத்திருக்கும் பழக்கமுடையது.

பெங்களூரு லினக்ஸ் ஆர்வலர்களின் கூட்டு உழைப்பால் 2001 டிசம்பரில் ‘லினக்ஸ் பெங்களூர்’ மாநாடு நடந்தது. 2005இல் ‘ஃபாஸ் டாட் இன்’ என்று பெயர் மாறி, 2012 வரை தொடர்ந்த அம்மாநாடு, கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவோராக மட்டும் இராமல் அதற்குப் பங்களிப்போராகவும் இந்தியர் ஆகவேண்டும் என்று வற்புறுத்தியது. இதற்கிடையே 1998இல் தொடங்கிய விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த பெங்களூருப் பொறியியல் கல்லூரிகளில் யூனிக்ஸும் ஷெல் நிரலாக்கமும் பாடமாயின. ஆய்வகப் பயிற்சி ஏட்டில் பகா எண்ணைக் கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்டையும் கோப்பின் அளவைச் சொல்லும் ஸ்கிரிப்டையும் எழுதிப் பழகிய மாணவனுக்கு, அதே கருவிகளைக் கொண்டு நண்பர்களைச் சிரிக்க வைக்கும் ஸ்கிரிப்ட் எழுதுவது இயல்பான அடுத்த படியாக அமையும்.

அத்தகைய ஸ்கிரிப்டின் உள்ளமைப்பு, ஷெல் வளர்ந்த விதத்தைத் தன்னுள் பதித்து வைத்திருக்கிறது. பழைய போர்ன் ஷெல்லுக்குத் தற்செயல் எண்ணைத் தரும் வசதி கிடையாது. கணக்குப் போடவும் தெரியாது. ஆகவே, இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் இடும் அடையாள எண்ணையோ கடிகாரத்தின் விநாடியையோ எடுத்து, வெளி நிரல் ஒன்றின் உதவியால் வாசகங்களின் எண்ணிக்கையால் வகுத்து, எஞ்சும் மீதிக்கு ஏற்ற வாசகத்தைக் காட்டினார்கள். அடையாள எண் வரிசையாக ஏறிச் செல்வதால் அது உண்மையான தற்செயல் அன்று. ஆயினும் கேலிக்கு அது போதுமானது. டேவிட் கார்ன் 1983இல் அளித்த கார்ன் ஷெல்லும், அதைப் பின்பற்றி பிரையன் ஃபாக்ஸ் 1989இல் வெளியிட்ட பாஷ் ஷெல்லும், படிக்கும்போதெல்லாம் 0 முதல் 32767 வரை ஏதேனும் ஓர் எண்ணைத் தரும் ‘ரேண்டம்’ என்ற மாறியைக் கொண்டுவந்தன. அதன் பின், வாசகங்களை வரிசைப்படுத்தி, அந்த எண்ணை வகுத்த மீதியால் ஒன்றைச் சுட்டி, திரையில் காட்டுவது மூன்று வரி வேலையாயிற்று.

இந்த எளிய முறையில் ஒரு சிறு பாரபட்சம் ஒளிந்திருக்கிறது. குண்டப்பாவின் 945 செய்யுள்களை ஒரு கோப்பில் வைத்து ரேண்டம் மாறியால் ஒன்றை எடுப்பதாகக் கொண்டால், வரக்கூடிய 32768 எண்களை 945 சமமாகப் பங்கிட முடியாது. முதல் 638 செய்யுள்களுக்கு 35 எண்கள் வீதமும், கடைசி 307 செய்யுள்களுக்கு 34 எண்கள் வீதமும் கிடைக்கும். திருக்குறளை வைத்தால் 1330 குறள்களுள் முதல் 848 குறள்களுக்கு 25 எண்களும், காமத்துப்பால் முழுவதும் அடங்கிய மற்ற 482 குறள்களுக்கு 24 எண்களும் சேரும். வேறுபாடு சிறியது, ஆனால் நாற்பதாயிரம் வாசகங்கள் கொண்ட தொகுப்பு என்றால், 32768க்கு அப்பால் உள்ளவை எக்காலத்திலும் திரைக்கு வரமாட்டா. தற்செயலைப் பற்றிய பொது எண்ணத்திற்கும் கணக்கிற்கும் உள்ள இடைவெளி இன்னோர் இடத்திலும் புலப்படுகிறது. நூறு வாசகங்கள் உள்ள கோப்பிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்தால், பதின்மூன்றாம் நாளுக்குள் ஏதேனும் ஒன்று திரும்ப வருவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். சொன்னதையே சொல்கிறது என்று பயனர் குறைப்படும்போது நிரல் பெரும்பாலும் பிழையின்றித்தான் இயங்குகிறது. அதனால் அனுபவமுள்ளவர்கள், ஒவ்வொரு முறையும் குலுக்கி எடுப்பதை விட்டு, முழுக் கோப்பையும் ஒரு முறை ‘ஷஃப்’ என்ற கட்டளையால் கலைத்து வைத்து, தீரும்வரை வரிசையாகக் காட்டி, மீண்டும் கலைக்கும் முறையை மேற்கொள்கிறார்கள்.

இவ்வளவு எளிதில் எழுதக்கூடிய நிரலாக இருந்தும், பெங்களூருவின் மொழிகள் அதற்குள் எளிதில் நுழையவில்லை. தொடக்ககால யூனிக்ஸ் அறிந்த எழுத்துகள் ஆஸ்கி என்ற குறிமுறையில் அடங்கிய ஆங்கில எழுத்துகள் மட்டுமே. இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறிமுறையும் தமிழுக்கெனத் தனியே எழுந்த பல குறிமுறைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஓர் எழுத்துருவில் சேர்த்த தொகுப்பு இன்னொன்றில் குப்பையாகத் தெரிந்தது. 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பு தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடம் தந்தது. 1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறை, பழைய யூனிக்ஸ் நிரல்களை உடைக்காமலேயே அவ்வெழுத்துகளைக் கோப்பில் சேமிக்க வழி செய்தது. யூனிக்ஸின் முதல் படைப்பாளர்களுள் ஒருவரே அதன் மொழித் தடையை நீக்குவதிலும் பங்குகொண்டார்.

ஆனால் கோப்பில் இருப்பது வேறு, முனையத்தில் தெரிவது வேறு. முனையம் திரையைச் சம அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து, கட்டத்திற்கு ஓர் எழுத்து என்று நிரப்பும் இயல்புடையது. ‘கோ’ என்ற எழுத்து கோப்பில் ககரமும் அதன் பின் ஓகாரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ அக்குறியின் ஒரு பாதி ககரத்திற்கு முன்னும் மறுபாதி பின்னும் நிற்கவேண்டும். கன்னடத்தில் இரண்டாம் மெய் முதல் மெய்யின் கீழே சென்று அமர்கிறது. இவ்வாறு சேமிக்கப்படும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், பைட்டுகளை எண்ணி அகலத்தைக் கணிக்கும் பழைய நிரல்களில், கவ்சே பசுவின் வாசகத்தைச் சுற்றி வரையும் கட்டம்கூட நேராக அமைவதில்லை. வாசகத்தைத் தேர்ந்தெடுக்கும் தருக்கத்திற்கு மொழி வேறுபாடு கிடையாது. விழுக்காட்டுக் குறியால் பிரித்த கோப்பு எந்த மொழியில் இருந்தாலும் ஃபார்ச்சூன் அதை ஏற்கும். தடை முழுவதும் காட்டும் முறையில் இருந்தது. அந்தக் காட்டும் முறை, இந்த எழுத்துகளை வாழ்நாளில் எழுதியிராதவர்கள் வகுத்தது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் பேசப்படும் நகரத்தில், முனையத்தின் நகைச்சுவை பல ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே நின்றதற்குக் காரணம் இந்த எழுத்துத் தடையும், தொகுப்பதற்கு யாரும் முன்வராமையும் ஆகும்.

தொகுப்பது விளையாட்டன்று என்பதை ஃபார்ச்சூனின் பிற்கால வரலாறு உணர்த்துகிறது. பல பத்தாண்டுகளாகப் பலர் சேர்த்த வாசகங்கள் யாரும் முழுவதும் படித்துப் பாராத குவியலாகி, பெண்களையும் இனங்களையும் இழிவுபடுத்தும் வரிகளும், வெறுப்பைப் பரப்பியவர்களின் மேற்கோள்களும் அதற்குள் தங்கிவிட்டன. பெர்க்லி யூனிக்ஸின் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தைப் பேணுவோர் 2017இல் இதை ஆராய்ந்து, தொழில்நுட்பக் குறிப்புகள் போன்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பழைய மேற்கோள் கோப்புகளை நீக்கினர். நகைச்சுவையை அடக்குகிறார்கள் என்று அதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் தற்செயலாக ஒரு வாசகத்தைக் காட்டும் நிரலில், அது யார் முன்னால் எந்த நேரத்தில் வரும் என்பதை எவரும் தீர்மானிக்க முடியாது என்பதே இதில் முதன்மையானது. மேடையில் பேசும் நகைச்சுவையாளர் அவையை அறிந்து சொல்கிறார். ஸ்கிரிப்டுக்கு அவை தெரியாது. ஆகவே சொல்லும் நேரத்தில் செலுத்த வேண்டிய பொறுப்பு முழுவதையும் சேர்க்கும் நேரத்திலேயே செலுத்தியாக வேண்டும். பல மாநிலத்தாரும் பல மதத்தாரும் ஒரே கூடத்தில் அமர்ந்து வேலை செய்யும் பெங்களூருவில் இது இன்னும் கூர்மையான உண்மை.

சிறந்த வாசகம் எத்தகையது என்பதற்கு, நீண்டகாலம் நிலைத்த வரிகளே அளவுகோல் தருகின்றன. நிரலில் தானே வைத்த பிழையைத் தானே தேடும் நிரலாளரைப் பற்றியதும், காலக்கெடுவையும் மேலாளரையும் இயந்திரத்தின் பிடிவாதத்தையும் பற்றியதுமான வரிகள் பல தலைமுறைகளைக் கடந்தும் சிரிக்க வைக்கின்றன. ஏனெனில் அவற்றில் சிரிப்பவரே சிரிப்புக்கு உரியவராகவும் இருக்கிறார். கொரவஞ்சி இதழ் நடுத்தர வர்க்கத்து வாசகரை அவருடைய வீட்டையும் அலுவலகத்தையும் காட்டியே சிரிக்க வைத்ததும், தமிழ் இதழ்த் துணுக்குகள் மாதக் கடைசியையும் மாமியார் வீட்டையும் விடாமல் பற்றிக்கொண்டதும் இதே வழியில்தான். அந்த மரபு கணினித் தொழிலுக்கு அந்நியமானதன்று; அத்தொழிலின் வாசகங்களாக அதை எழுதிச் சேர்ப்பவர்கள்தான் இன்னும் போதிய அளவில் தோன்றவில்லை.

இன்று முனையங்கள் பலவற்றில் தமிழும் கன்னடமும் முன்பைவிடச் செம்மையாகத் தெரிகின்றன. யூடிஎஃப்-8 எங்கும் வழக்கமாகிவிட்டது. ஸ்கிரிப்ட் எழுதும் வேலையோ நாற்பது ஆண்டுகளாகவே ஒரு பிற்பகலுக்கு மேற்படாதது. எஞ்சியிருக்கும் உழைப்பு, பெங்களூருவின் அலுவலகங்களிலும் விடுதிகளிலும் இத்தொழிலில் உள்ளோர் தம் மொழிகளில் அன்றாடம் சொல்லிச் சிரிப்பவற்றைக் கேட்டு, புண்படுத்துபவற்றை விலக்கி, வரிக்கு ஒன்றாக எழுதி, யாவரும் எடுத்தாளும் உரிமையோடு வெளியிடும் உழைப்பு. ஃபார்ச்சூன் நிலைத்தது அதன் தேர்வு முறையின் நுட்பத்தால் மட்டும் அன்று. தம் காலத்து நிரலாளர் பேச்சை ஓய்வு நேரத்தில் திரட்டி வைத்த பெயர் தெரியாத பலர் இருந்ததால்தான். அத்தகைய திரட்டு ஒன்று இந்நகரின் மொழிகளில் உருவாகுமானால், உலகுக்காக மென்பொருள் எழுதியவர்கள் தம்மைப் பற்றித் தாமே என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பதற்கு, வேறு எந்த ஆவணத்திலும் கிடைக்காத சான்றாக அது வருங்கால வரலாற்றாசிரியருக்கு நிற்கும்.